இணைப்பு ஆறு

மனுவோடு இணைக்கச் சொன்னவை ஆறு.
ஐந்து இருந்தன. ஆறாவது, பட்டா நகல்.

சேரம்பாடிக்கு மேலே எங்கள் மூன்றாம் டிவிஷனில்
லயம் தோட்டத்துக்குச் சொந்தம்.
வேலை முடிந்து லயத்தைவிட்டு இறங்கியவர்கள்
சரிவில் கட்டிக்கொண்ட வீடுகள்
எந்தக் கோப்பிலும் யாருக்கும் சொந்தமில்லை.
வழக்கு எங்களைவிட மூத்தது.
பட்டா கிடையாது. கரன்ட் கிடையாது.
வீட்டு வரி உண்டு.

அந்த ரசீதைக் கடைசி வரைக்கும் படித்தவள் மரியபுஷ்பம்,
கொழுந்து நிறுவையில்
அரைக் கிலோ களவு போனாலும் கண்டுபிடிக்கிறவள்.
"இதென்ன, நூலக வரின்னு தனியா?"
ரூபாய்க்குப் பத்துப் பைசா.
இருபத்தாறு வருஷமாகக் கட்டிவந்திருக்கிறோம்
யாருமே பார்த்திராத ஒரு கட்டடத்துக்கு.

கமிட்டிக்கு ஒன்பது பேர்.
நான் பொருளாளர்;
என் வீட்டு பீரோவுக்குத்தான் பூட்டு விழுகிறது.

போனஸ் அன்று சம்பள வாசலில் மேஜை போட்டோம்.
ஒரு நாள் கூலி என்று கேட்டோம்.
அரை நாள் தந்தவர்கள் அதிகம்.
சிவபாக்கியம் முழு நாள் தந்துவிட்டு
ரசீதில் பேர் எழுதி முடிக்கும்வரை நகரவில்லை.
இரும்புக்கடை மொய்து முப்பது தகரம் தந்தார்,
பேர் போடக் கூடாதென்ற நிபந்தனையோடு:
போட்டால் பள்ளிவாசல் கமிட்டி
"எங்களுக்கு ஏன் பதினஞ்சு?" என்று கேட்குமாம்.
பணியர் காலனி வெளுக்கன் நூறு ரூபாய் வைத்தான்.
"எங்க பேச்சுல ஒண்ணாச்சும் இருக்குமா?"
யாரும் வாய் திறக்கவில்லை.
நோட்டில் எழுதிக்கொண்டேன்,
வரவா செலவா என்று தெரியாமல்.

மதிப்பீட்டில் ஆறு அலமாரி, கழிப்பறை இல்லை.
பெண்கள் எழுந்துவிட்டார்கள்.
"மலை பூரா ஒளிஞ்சு ஒளிஞ்சு போறோம்,
படிக்க வந்தும் அடக்கிக்கிட்டு உக்காரணுமா?"
மூன்று அலமாரி போய்க் கழிப்பறை வந்தது.
தலைவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பிறகு நேரம்.
ஒன்பதிலிருந்து ஐந்து வரை என்பது விதி.
கடைசி நிறுவை முடிவதே ஐந்துக்கு.
ஆறு மணிக்கு ஒற்றைக் கொம்பன்
ரோட்டை எடுத்துக்கொள்வான்.
நடுவில் இருக்கிற ஒரு மணியில்
அட்டை பிடுங்க, கால் கழுவ, பிள்ளையைக் கூட்ட,
வரிசையில் நின்று தண்ணீர் பிடிக்க —
மீதி பதினேழு நிமிஷம் என்றான் கணக்கில் புலியான ஸ்டீபன்.
பதினேழு நிமிஷத்துக்கு ஒரு கட்டடமா?
"வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கட்டும்."
"எந்த வெளிச்சத்தில்?"
அன்றைக்கு மீதி மூன்றில் இன்னொரு அலமாரியும் போனது.
சூரிய விளக்கு பன்னிரண்டு:
புத்தகத்தோடு சேர்த்து இரவல்.

பதில் கடிதம் ஆடி மழையில் நனைந்து வந்தது.
இணைப்பு ஆறு இல்லாததால்
திருப்பி அனுப்பப்படுகிறது.

துரைக்கு நல்ல மனசு, அல்லது மாற்றலாகிப் போகிற அவசரம்;
பூட்டிக்கிடந்த பிள்ளைக் காம்பிராவின் சாவியைத் தந்தார்,
மறு உத்தரவு வரும்வரை, வாய்மொழியாக.
ஓட்டுக்குப் பதில் மொய்துவின் தகரம்.
தொட்டில் கட்டின கொக்கிகளில்
பலகைகளைத் தொங்கவிட்டோம்,
தரை ஈரம் ஏறாமலிருக்க.
கழிப்பறைக் குழி தோண்டியாயிற்று.
விளக்குகள் வந்துவிட்டன.
புத்தகம் வாங்கக் காசு அடுத்த போனஸுக்கு.

வெறும் பலகை பார்க்கச் சகிக்காமல்
என் ரசீதுக் கட்டைக் கொண்டுபோய் வைத்தேன்.
இருநூற்றுப் பதினான்கு அடிக்கட்டை.
அஞ்சரைக்கு வந்தவர்கள் புரட்டித் தங்கள் பேரைத் தேடினார்கள்,
பிறகு அடுத்தவர் பேரை,
பிறகு எவ்வளவு என்பதை.
சிரிப்பு, ஒரு சின்னச் சண்டை.

சிவபாக்கியம் அதை எடுத்துக்கொண்டாள்,
விளக்கோடு, கைநாட்டு வைத்து.

பதினெட்டு நாளாயிற்று.
கமிட்டி கணக்குக் கேட்கிறது.
போய்க் கேட்டால்
மருமகள் வாசிக்க வாசிக்கக் கேட்கிறாளாம்,
நூற்றி எழுபதில் இருக்கிறார்களாம்,
இன்னும் முடியவில்லையாம்.