ஒன்பதாயிரம் லிட்டர்

முதலில் தொட்டி வந்தது, சுவர் பிறகு.
அதனால்தான் ராதோவான் போனபோது
சோபாவை எடுத்துக்கொண்டான், காரை எடுத்துக்கொண்டான்,
காபி இயந்திரத்தைக்கூட விடவில்லை.
தொட்டி மட்டும் ஒஸ்ட்ராவாவில்
எங்கள் நிலவறையில் நின்றது,
எந்தக் கதவுக்கும் அடங்காமல்.
உள்ளே இரண்டு பாக்கு மீன்கள்.
முறம் அளவு உடம்பு, மனிதரைப் போலப் பல்வரிசை.
வால்நட்டை ஓட்டோடு போட்டால்
உடையும் சத்தம் சமையலறைக்குக் கேட்கும்.

ஒரு மாதம் விளம்பரம் கொடுத்தேன்.
வந்தவர்கள் கண்ணாடியைத் தட்டினார்கள்,
கதவை அளந்தார்கள்,
தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு மீன் பிடிக்காது. பிடிக்கவும் தெரியாது.
எட்டு வருடமாக டயாலிசிஸ் பிரிவில் இரவு வேலை,
விடியும்வரை பிறர் ரத்தத்தைக் கழுவி அனுப்புகிறேன்.
வீட்டுக்கு வந்தும் பஞ்சு பிழிய என்னால் ஆகாது.
அவன் வாரம் இருமுறை பிழிவான்,
பிழியும்போது விசிலடிப்பான்.
எனக்கு வேண்டியது
நான் மறந்தாலும் மறக்காத ஒரு வடிகட்டி.

பக்கத்து வீட்டு ஸ்திஸ்லாவா
மூடிய சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பிரிவில் இருக்கிறாள்.
(கரி எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்,
இறைப்பதை நிறுத்த முடியாதாம்.)
படியில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"மோட்டார் ஒன்றே ஒன்று. மிச்சத்தைப் பள்ளத்திடம் விடு.
பள்ளம் பழுதாகாது."

முட்டைக்கோஸ் ஊறுகாய் ஆலையில்
மூன்று நீலப் பீப்பாய் வாங்கினோம்.
ஒன்றைவிட ஒன்று சாண் தாழ்வாக வைத்தோம்.
முதலாவதில் தண்ணீர் சுற்றும், அசரும்,
சுமந்து வந்ததைக் கீழே போடும்.
அடியில் ஒரு குழாய். கால் திருகு போதும்,
கசடு சரிவில் இறங்கித் தக்காளிப் பாத்திக்குப் போய்விடும்.
இரண்டாவதில் பாட்டில் மூடிகள், ஆறாயிரம்.
பிரசவ வார்டில் சேர்த்தேன்.
என் நோயாளிகளிடம் மூடி கிடைக்காது,
அவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று குவளைதான் தண்ணீர்.
மூன்றாவதில் கூழாங்கல், மேலே
வேரைத் தொங்கவிட்ட மணி பிளான்ட்.

கடைசி முறையாக ராதோவானின் பஞ்சைப் பிழிந்தேன்.
பழுப்பு நீரை மூடிகளின் மேல் ஊற்றினேன்,
பாலுக்கு உறை ஊற்றுவதுபோல.
அவனிடமிருந்து எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

மூன்றாம் இரவு மின்சாரம் போனது.
திரும்பிப் போகும் குழாய்
போன வழியே தண்ணீரை உறிஞ்சி இழுத்திருக்கிறது.
விடியலில் வந்து பார்க்கிறேன்,
படிக்கட்டின் கடைசிப் படியில் என் செருப்பு மிதக்கிறது.
மீன்கள் இரண்டும் முதுகு தெரிய
என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.
நான் உட்கார்ந்து அழுதேன். செருப்புக்காக அல்ல.
ஸ்திஸ்லாவா இரவு உடையோடு வந்தாள்,
நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, அந்தக் குழாயில்
மூக்குத்தி அளவு ஒரு துளை போட்டாள்.
அவ்வளவே. இனி மட்டம் அங்கே இறங்கியதும்
குழாய் காற்றைக் குடித்து மூச்சுவிடும், இழுக்காது.

ஆறு வாரம் சோதனைக் குழாயில்
நிறம் பார்த்தபடி இருந்தேன்.
பச்சை, ஊதா, பிறகு ஒருநாள் ஒன்றுமில்லை,
வெறும் மஞ்சள்.
மூடிகள் வழவழத்துவிட்டன.
கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம்
சம்பளமில்லாமல் இரவு வேலை பார்க்கிறது.

நான்காம் படுக்கை ஹோஸ்டிமில் கேட்டார்:
"உன் மீன்களுக்கு எத்தனை மணி நேரம்?"
"நாள் முழுக்க."
"ஐயோ பாவம்" என்றார்,
ஊசி குத்தியிருந்த கையை அசைக்காமல்.

நான்கு மாதமாகிறது.
திருகைத் திருப்புவதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.
நேற்று ராதோவான் பிள்சனிலிருந்து பேசினான்.
பஞ்சைப் பிழிகிறாயா என்றான்.
எந்தப் பஞ்சு என்றேன்.
தொலைபேசியை வைத்துவிட்டு,
வேலை எதுவும் இல்லாமலேயே கீழே போனேன்,
பை நிறைய வால்நட்டோடு.