தரை தொடாத கால்கள்

பர்னபி ஏலக்கூடத்தில் என் வேலை
குறை எழுதுவது.
உயரம் ஆறு சென்டிமீட்டர்.
மெருகு, மழைக்கு முந்தின கடல் பச்சை.
விளிம்பில் நெல்மணி அளவுக்குச்
சில்லு பெயர்ந்திருக்கிறது.

"சர்க்கரைக் கிண்ணம்" என்றார் மொரிஷிதா,
படகு எஞ்சின்கள் பழுதுபார்த்து ஓய்ந்தவர்.
மூடியில் துளைகள் எதற்கு?
"எறும்புகள் மூச்சுவிட."
அவரே சிரித்துக்கொண்டார்.

கவிழ்த்துப் பார்த்தேன்.
மூன்று கால்கள்,
ஒன்றுகூடத் தரையைத் தொடுவதில்லை.
நடுவில் மெருகேறாத மண்வளையம் ஒன்று
மொத்தப் பாரத்தையும் வாங்கிக்கொள்கிறது.

எங்கள் மொழியில் இது தூபக்கால், என்றேன்.
கால் என்றால்?
மேசைக்கடியில் என் காலை ஆட்டிக் காட்டினேன்.
உயரமான நாற்காலி;
அதுவும் எட்டவில்லை.

படிவத்தின் கடைசிக் கட்டம்:
உள்ளே எச்சம் உண்டா?
மூடியைத் திறந்து
முதலில் நான் முகர்ந்தேன்.
பிறகு அவர்.
சர்க்கரை இல்லை.

அவர் அதை முகத்திலிருந்து இறக்கவே
வெகுநேரம் ஆயிற்று.
மழைக்கோட்டின் உட்பையில் வைத்து
பொத்தான் போட்டார்.
வாசல்வரை ஒரு கையால்
நெஞ்சைப் பிடித்தபடியே போனார்.

இருநூற்றுப் பதினான்காம் எண்ணை
அடித்துவிட்டேன்.
அந்த நெல்மணி உடைசல் மட்டும்
இன்னும் என் கையெழுத்தில் இருக்கிறது.