ஊறாத காய்

பாரஷ்வா கரையில் பீரங்கிகள்
கடலைப் பார்த்திருக்கும்.
நாங்கள் எமெரிக்கின் வண்டியைப் பார்த்திருப்போம்.
வெள்ளி, இரவு எட்டரை.
நாலு பிளாஸ்டிக் நாற்காலி.
அதில் ஒன்றுக்கு மூன்றரைக் கால்.
கடைசியாய் வருகிறவருக்கு அது என்று சட்டம்.
பெரும்பாலும் எனக்கு.

கடலோரச் சாலையின் தூண்களில்
விரிசல் தேடுவது என் உத்தியோகம்.
இருந்தால் தாமதம்.
இல்லையென்றால், இல்லையென்று எழுதி முடிக்க
இன்னும் தாமதம்.

வந்த புதிதில் ஒருநாள் தனியாய் நின்றேன்.
மிளகாய் வேண்டுமா என்றான் எமெரிக்.
தூத்துக்குடிக்காரியிடம் கேட்கிற கேள்வியா?
போடு என்றேன்.
சுண்டுவிரல் நகமளவு பச்சை.
கண், மூக்கு, படித்துவந்த பிரெஞ்சு இலக்கணம்
எல்லாம் ஒழுகிற்று.
பக்கத்து மேசையிலிருந்து ஒரு கை ரொட்டி நீட்டியது.
ஒரு கை தண்ணீர்.
ஒன்று சும்மா முதுகில் இருந்தது.

ரொட்டி, லினேத் அப்பாயா. தபால் நிலையத்தில் வேலை.
பெயரில் இருக்கும் அப்பா யாரென்று அவளுக்குத் தெரியாது,
தெரிந்துகொள்ளும் அவசரமும் இல்லை.
தண்ணீர், ஹனித்ரா. மடகாஸ்கரில் பல் மருத்துவர்,
இங்கே பல் மருத்துவருக்கு உதவியாள்.
முதுகு, க்வெனாயேல். பிரெஸ்டிலிருந்து வந்த கணக்கு வாத்தியார்.
பதினோரு மணி நேரம் பறந்தும்
பிரான்சிலேயே இறங்கியவன்.
கடவுச்சீட்டில் முத்திரை விழவில்லை என்பது
அவனுக்கு ஒரு குறை.

தக்காளி, வெங்காயம், இஞ்சி, அதே மிளகாய்,
நறுக்கினதும் தட்டுக்கு வரும்.
ருகாய் என்பார்கள்.
இரண்டாம் வருஷம்தான் எனக்கு உறைத்தது:
ஊறுகாய்!
கப்பலில் எங்கோ 'ஊ' தவறி விழுந்திருக்கிறது.
"ஆனால் இது ஊறவேயில்லையே" என்றேன்.
ஊறுவதென்றால் என்ன என்றாள் லினேத்.
உப்பில் கிட, மூடியைத் திறக்காதே,
உன் காரத்தை விடாமல் வேறொன்றாகு...
பிரெஞ்சு பாதியில் நின்றது. கையால் பிசைந்து காட்டினேன்.
"ஓ, வதிவிட அட்டைக்கு வரிசையில் நிற்பது போலவா?"
என்றாள் ஹனித்ரா.
எமெரிக் சிரித்த சிரிப்பில்
சீஸ் தீய்ந்த வாசனை வந்தது.

பில்லை நாலாய் வகுப்பது க்வெனாயேல்.
சதம் பிசகாது.
ஹனித்ராவின் பங்கு மட்டும்
எப்போதும் இரண்டு யூரோ குறைவாய் வரும்.
வாத்தியாரின் ஒரே தப்புக் கணக்கை
நாங்கள் யாரும் திருத்தியதில்லை.

ஜூலையில் அவனுக்கு மாற்றல்.
விமான நிலையத்தில் அவன் பை நிறைய மிளகாய்.
"ஊருக்குப் போகிறேன்" என்றவன்
பிறகு எந்த ஊர் என்பதுபோல் நின்றான்.

அடுத்த வெள்ளி பில் என் கைக்கு வந்தது.
மூன்றாய் வகுத்தேன்.
தூண்களுக்குப் போடுகிற அதே கணக்கு,
சரியாய், மிகச் சரியாய்.
ஹனித்ரா சில்லறையை இரண்டு முறை எண்ணி
முழுசாய் வைத்தாள்.
யாரும் காப்பி கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவனை அழைத்தேன்.
அங்கே இன்னும் வெளிச்சம், மழை.
"எப்படிடா தப்பாய்ப் போடுவாய்?"
"பானத்தைச் சேர்க்காதே. வேகமாய்ச் சொல்.
சொல்லும்போது அவளைப் பார்க்காதே."
கொஞ்ச நேரம் மழை மட்டும் பேசியது.
"அவளுக்கு முதலிலிருந்தே தெரியும்" என்றான்.
"ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்த்தி
மூன்று வருஷமாய் என் பல்லைச் சுத்தம் செய்தாள்.
காசு வாங்கியதில்லை."

மறு வெள்ளி கடைசியாய்ப் போனேன்.
ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து
கடலைப் பார்த்தபடி கணக்குச் சொன்னேன்,
வேகமாய், பானத்தை விழுங்கி.
சில்லறை மேசையில் விழும் சத்தம் கேட்கவில்லை.
திரும்பினால்,
கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு ஹனித்ரா,
"வாயைத் திற" என்கிறாள்.

"கடைவாய் ஈறு வீங்கியிருக்கிறது.
ஞாயிறு வா. மிளகாயைக் குறை."

எமெரிக் அதற்குள் போட்டுவிட்டிருந்தான்.