பன்ரண்டு இருபது

காலமை கொண்டுபோனால் ஒழுங்காய்க் குளிருது.
மூண்டு கராஜும் பாத்திட்டு,
"ஒண்டுமில்லை அக்கா."
ரெண்டு தரம் காஸ் அடிச்ச பில்
டாஷ்போர்டுக்குள்ளை மடிச்சுக் கிடக்கு.

பிலோமினா மருத்துவிச்சி.
குருநகரிலையிருந்து நெல்லியடி மட்டும் ஓட்டம்.
"மத்தியானம் திரும்பி வரேக்கை
சுடுகாத்துத்தான், தம்பி."

நான் ஒண்டையும் கழட்டேல்லை.
கோண்டாவில் வெயிலுக்கை காரை விட்டு
இஞ்சினை ஓடவிட்டன்.
பதினொண்டரை. பன்ரண்டு.
பிளேன்ரீ ஆறிப்போச்சு.

பன்ரண்டு இருபதுக்கு
வரவேண்டிய 'டக்' வரேல்லை.

வயரிலை பன்ரண்டு வோல்ட் வந்து நிக்குது.
புல்லி சுத்துது.
கிளச்சின்ரை முன்தட்டு மட்டும்
கூப்பிட்டது கேளாத மாதிரி.
தும்புத்தடி நுனியாலை ஒரு தட்டு:
பிடிச்சிட்டுது.

இஞ்சினை நிப்பாட்டி இடைவெளியை அளந்தன்.
அரை மில்லி இருக்கவேணும்,
ஒண்டைத் தாண்டீட்டுது.
குளிரேக்கை காந்தம் எட்டிப் பிடிக்கும்;
சூடேறினால் அதின்ரை கை கட்டை.

உள்ளுக்குக் கிடந்த வாஷர் ஒண்டை எடுத்தன்,
நகத்திலும் மெல்லிசு.

"அப்ப காஸ் குறையேல்லையோ?"
"இல்லை."
கொஞ்சநேரம் பேசாமல் நிண்டா.
"கிளினிக் வாசலுக்கு வந்தோடனை
சிலபேருக்கு வலி நிண்டிடும்.
ஒண்டுமில்லையெண்டு
நானும் வீட்டை அனுப்பியிருக்கிறன்."

எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை.
ரிமோட்டைத் துடைச்சுக் குடுத்தன்.
அவ பில் ரெண்டையும்
என்ரை ஒயில் வாளிக்குள்ளை போட்டிட்டு,
கண்ணாடி நாலையும் ஏத்தி,
பலாலி வீதியிலை ஏறினா.
ஒரு மணி. தார் உருகுது.