நாலு விரல் இடம்

இருபது லிட்டர் தண்ணீர் கேனில்
பத்தொன்பதுக்கும் மேலே ஊற்றியது என் தப்பு.
முளைகட்டி வறுத்த கேழ்வரகு, பார்லி,
பிறகு தைரியத்துக்கு இரண்டு கிலோ கருப்பட்டி.
அடர்த்திமானி மிதந்து நின்ற கோட்டைப் பார்த்து
எனக்கே கொஞ்சம் பயம்:
ஆயிரத்துத் தொண்ணூற்றிரண்டு.
கிறிஸ்மஸுக்கு ஆறு வாரம்.
ஈஸ்ட் இரண்டு பாக்கெட் தூவி
மூடியில் மெல்லிய குழாயைச் செருகி
முனையைச் செம்புத் தண்ணீரில் அமிழ்த்திவிட்டுப்
படுக்கப் போனேன்.

முதல் நாள் மரியாதையான விருந்தாளி.
நிமிஷத்துக்கு ஒரு குமிழி,
தொண்டையைச் செருமுவது போல.

இரண்டாம் நாள் மழை,
காரைக்காலைக் கடல் பக்கமாகச் சாய்க்கிற
ஐப்பசிக் கடைசி மழை.
அரசலாற்று ரெகுலேட்டரில்
சவரிமுத்துவுக்கு இரவு டியூட்டி.
"மேலே திறந்துட்டாங்க. சோறு வைக்காதே,
வர மாட்டேன்" என்றார் போனில்.

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது.
ஃபேன் நின்ற பிறகுதான் கவனித்தேன்,
குமிழிச் சத்தம் இல்லை.
அடங்கிவிட்டது என்று நினைப்பவர்கள்
ஒரு தடவைகூட ஊறல் போடாதவர்கள்.
டார்ச் அடித்தேன்.
குழாயின் கழுத்தில் நுரையும் ஹாப்ஸ் துணுக்கும்
களிம்பாக அடைத்திருந்தன.
கேனின் தோள் வீங்கிப்
பல்வலிக்காரன் கன்னம் போலிருந்தது.
தொட்டால் காய்ச்சல் சூடு.

திறந்தால் வீடெல்லாம்.
திறக்காவிட்டால் வீடே.

அவரைக் கூப்பிட்டேன். பின்னால் தண்ணீர் இரைச்சல்.
"எவ்வளவு இடம் விட்டே?"
"நாலு விரல்."
"பெருகுறதுக்கு நாலு விரலா?"
யாரிடமோ, "மூணாவது ஷட்டர், அரை அடி,
அரை அடிதான்டா" என்று கத்திவிட்டு
என்னிடம் திரும்பினார்:
"ஒரேயடியாத் தூக்காதே. அரைத் திருகு.
நில்லு. அப்புறம் அரைத் திருகு."

எனக்கு இதை அவர் சொல்ல வேண்டாம்,
மூன்று வருஷம் பீர் ஆலை லேபில் இருந்தவள்.
ஆனாலும் துண்டைப் போர்த்தி
அரைத் திருகுதான் திருப்பினேன்.
சீறியது. நின்றேன்.
இன்னொரு அரை.
அதற்குள் அதற்குப் பொறுமை போய்விட்டது.
மூடி கையைவிட்டுத் தெறித்தது.
நுரை சீலிங்கைத் தொட்டது,
காலண்டரில் மாதாவின் நீல முக்காட்டைத் தொட்டது,
என் புருவம், என் வாய்:
கசப்பு, ரொட்டி, கொஞ்சம் வெல்லம்.
சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மோட்டாருக்கு வாங்கி மிஞ்சிய முக்கால் இஞ்ச் குழாயை
வெந்நீரில் அலசி, மூடித் துளையைப் பெரிதாக்கிச் செருகி
மறுமுனையை வாளித் தண்ணீரில் விட்டேன்.
நனைத்த கோணியைக் கேனுக்குச் சுற்றி
ஃபிரிட்ஜில் இருந்த ஐஸ் அத்தனையும் அடியில் கொட்டினேன்.
வாளி, விசைப்படகு போலப் பேசத் தொடங்கியது.

மாடிப்படியில் மெழுகுவத்தியோடு
கீழ்வீட்டுக் கதீஜா அக்கா.
"என்ன புள்ள சத்தம்? ரொட்டி வாசம் வேற வருது?"
"பன்னு மாவு பொங்கிருச்சுக்கா."
"இந்த நேரத்துலயா?"
"கிறிஸ்மஸுக்கு" என்றேன்,
ஆறு வாரம் முன்னால்.
"எனக்கும் ரெண்டு எடுத்து வையி."

விடிந்ததும் வந்தார், கையெல்லாம் கிரீஸ்.
ஆறு கரைக்கு ஒரு சாண் கீழே போகிறதாம்.
சீலிங்கைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.
"எவ்வளவு போச்சு?"
"மூணு லிட்டர்."
"கடலுக்குப் போனதை நாங்க கணக்குல எழுதுவோம்.
நீ எழுதினியா?"

ஐந்தாம் நாள் அடங்கியது.
அதை நம்பாமல் அடர்த்திமானியை
நாள் தவறாமல் இறக்கிப் பார்த்தேன்.
முப்பது. இருபத்தேழு. இருபத்தாறு.
இன்னும் இறங்க வேண்டும்.
அவசரத்தைப் பாட்டிலில் அடைத்தால்
கண்ணாடியாக வெளியே வரும்.

வாளியில் தங்கிய நுரை அருமையான ஈஸ்ட்.
அதைப் போட்டு எங்களுக்கு ஆறு பன் சுட்டேன்.
அக்காவுக்கு மட்டும்
கடைத்தெருவில் புது பாக்கெட் வாங்கி
வேறு பாத்திரம் கழுவி வேறு மாவு பிசைந்தேன்.
ஒரு பொய்யை நிஜமாக்க அவ்வளவு வேலை.

கதீஜா அக்கா ஒரு பன்னைப் பிட்டு
முகர்ந்துவிட்டு வாயில் போட்டாள்.
"நல்லாத்தான் இருக்கு.
ஆனா அன்னிக்கு ராத்திரி வந்த வாசம்
இதுல இல்லையே புள்ள."