ஜீரோ கேட் வரிசை

எர்ணாவூர் பாலம் இறங்கும்போது பிடித்த வரிசை.
பதினாலு மணி நேரம் ஆச்சு,
காசிமேட்டைத் தாண்டவில்லை.
வலப்பக்கம் வீடுகள். இடப்பக்கம் கடல்.
பதினோரு வருஷமாய் அது எனக்கு
ஓர் இடப்பக்கம், அவ்வளவுதான்.

கிளட்ச் கால் மரத்துவிட்டது.
ரோசாலியோடு போனில் போட்ட சண்டை
பாதியில் நிற்கிறது.
பின்னால் நாற்பதடிப் பெட்டி, சீல் வைத்தது.
உள்ளே என்னவென்று கேட்பது
என் வேலை இல்லை.

ஹாரனை அமுக்கினேன்.
மாதவரத்தில் வாங்கிய ஏர் ஹாரன்,
ரெண்டாயிரத்து நானூறு ரூபாய்.
அமுக்கினால் ஒரு சக்கரமும் உருளாது, தெரியும்.
ஆனால் அமுக்குகிற நேரம் மட்டும்
என் பேச்சை யாரோ கேட்கிற மாதிரி இருக்கும்.
மறுபடியும் அமுக்கினேன்.
மறுபடியும்.

ராத்திரி ரெண்டரை இருக்கும்.
ஹவுசிங் போர்டு படியிறங்கி
நடுச்சுவரைத் தாண்டி வந்தான் ஒருத்தன்,
லுங்கி, வெறும் உடம்பு.
கல்லோடு வருகிறான் என்று
ஸ்பேனரைத் தொட்டு வைத்துக்கொண்டேன்.

கதவருகே நின்றான்.
திட்டவில்லை. அண்ணே என்றுகூடச் சொல்லவில்லை.
முதுகைக் காட்டித் திரும்பி நின்றான்.
தோளில் ஒரு பிள்ளை,
முகம் என் பக்கம்.
அழுது முடித்த விக்கல்
அதன் உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

அவ்வளவுதான். போய்விட்டான்.

சாவியைத் திருப்பினேன்.
பின்வண்டி பீகார்க்காரன் இறங்கி வந்து
என்னாச்சு என்று கையால் கேட்டான்.
பிள்ளை தூங்கணும் என்று
கையாலேயே சொன்னேன்.
அவனும் போய் அணைத்தான்.
அவனுக்குப் பின்னால் ஒருத்தன்
எங்கள் ரெண்டு பேர் அம்மாவையும் இழுத்துத் திட்டிவிட்டு
அப்புறம் அணைத்தான்.
மொத்தம் ஏழு வண்டி.
வரிசையில் முந்நூறு இருக்கும்.

ஏழு வண்டி நீளத்துக்கு
ரோட்டில் ஓர் அமைதி விழுந்தது.
அதில் கடல் வந்து உட்கார்ந்தது.
கருங்கல்லில் மோதி,
மூச்சு வாங்கி,
மறுபடி மோதி.
இவ்வளவு காலமும் இது
பேசிக்கொண்டுதான் இருந்ததா?

யார்டில் பார்த்திருக்கிறேன்.
குண்டு போட்டுக்கொள்ளும் ரெண்டு நாட்டுப் பெட்டிகள்
ஒன்றின் தலைமேல் ஒன்றாய்,
ஒரே மழையில் நனைந்து,
ஒரே துருவை ஒழுக விட்டபடி.
பெட்டிக்குக் கோபம் இல்லை, அதில் பெருமை என்ன.
எனக்கு உண்டு.
இருந்தும் கட்டைவிரலை எடுத்தேன் என்பதை
யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது.

ரோசாலிக்குப் போன் போட்டேன்.
மிச்சச் சண்டைக்குத் தயாராய் எடுத்தாள்.
கடல் கேக்குதா, என்றேன்.
குடிச்சிருக்கியா, என்றாள்.
இல்ல.
அப்புறம் ரெண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் வைக்கவும் இல்லை.

ஐந்து மணிக்கு ஐஸ் வண்டிகள் போக ஆரம்பித்தன.
முன்வண்டி நகர்ந்தது.
ஸ்டார்ட் போட்டால் சத்தம் வரத்தான் செய்யும்,
என்ன பண்ணுவது.
ஹவுசிங் போர்டில்
எந்த ஜன்னல் என்று தெரியாமல்
எல்லா ஜன்னலையும் பார்த்துக்கொண்டே
மெதுவாய்க் கிளட்ச்சை விட்டேன்.

ஜீரோ கேட் வாசலில்
ஒரு வேன் குறுக்கே நுழைந்தது.
அமுக்கினேன்.
ஒரு தடவை.
எப்போதும் அமுக்குவதில் பாதி.