ஒன்பதாம் பிரதி

டயாலிசிஸ் அறைக்குப் படம் வேண்டும் என்றார்கள்.
எட்டுக் கட்டில். ஒவ்வொன்றுக்கும் எதிரே
ஒரு வெற்றுச் சுவர்,
அதை நான்கு மணி நேரம் பார்த்துக் கிடக்கும் ஒருவர்.

"நெட்ல எடுத்து ஃப்ளெக்ஸ் அடிச்சிடலாமே"
என்றார் நிர்வாகி பொன்னரசு.
போனில் காட்டினார்: டியூலிப் தோட்டம்,
பனி மூடிய ஏதோ ஒரு நாட்டு மலை.
ஜன்னலைத் திறந்தால் சேர்வராயன் தெரிகிற ஊர் இது.
(ஜன்னலைத் திறக்கக் கூடாது. ஏசி.)

சனிக்கிழமை ஏற்காடு பஸ் ஏறினேன்.
பதினோராவது கொண்டை ஊசியில்
பக்கத்துச் சீட்டுக் குழந்தை வாந்தியெடுத்தது.
என் அளவுநாடா தப்பியது, செருப்பு தப்பவில்லை.

நவமணி டேவிட் கதவைத் திறந்தபோது
முழங்கைவரை கறுப்பு மை.
கைகொடுக்காமல் தலையாட்டினாள்.
போன ஐப்பசிக் காற்றில் சாய்ந்த சில்வர் ஓக்
மிளகுக்கொடி இறுக்கிய தழும்போடு
பலகைகளாய்ச் சுவரில் சாய்ந்திருந்தது.
தாள், கீழே அம்மாப்பேட்டைத் தறிகளில்
கழித்த பருத்தி நூலை ஊறவைத்துக் கூழாக்கியது.
பசை என்ன என்றேன்.
"உங்க ஊருதான். ஜவ்வரிசி."

நான் ஒரு பட்டியலோடு போயிருந்தேன்.
எது வெட்டப்பட்டது, எவ்வளவு தண்ணீர்,
தூக்கிப் போட்டால் மட்குமா.
எல்லாவற்றுக்கும் நிதானமாய்ப் பதில் சொல்லிவிட்டு
நான் கேட்காததையும் சொன்னாள்:
"மைக்கு ஆளிவிதை எண்ணெய்.
அது வடக்கேயிருந்து லாரியில வருது.
மறைச்சு எழுதிக்காதீங்க."

படம் இவ்வளவுதான்:
மூடுபனியில் ஒரு காப்பிச் சரிவு,
குறுக்கே மின்கம்பி,
கம்பியில் ஒரு கரிச்சான்.
கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து
ஒன்பது பிரதி எடுத்தாள்.
எட்டு எனக்கு, ஒன்று அவளுக்கு.

அடுத்த வருஷம் ஆத்தூரில் கிளை,
இருபது கட்டில், பலகை இருக்கட்டுமே என்றேன்.
பேசாமல் உளியை எடுத்தாள்.
மூலைக்கு மூலை ஒரே இழுப்பு.
மரம் அலறியது என்று எழுத ஆசைதான்,
சத்தமே வரவில்லை.

"துடைக்க முடியுமா?" இது பொன்னரசு.
கண்ணாடி போட்டேன்.
குழல்விளக்கு அதில் நீட்டிப் படுத்துக்கொண்டது.
விளக்குகளை நகர்த்த
என் லாபத்திலிருந்து மூவாயிரம்.
பென்சிலில் இருந்த 6/9-ஐ
செப்டம்பர் ஆறாம் தேதி என்று நினைத்து
யாருக்கு நினைவுநாள் என்று கேட்டாள் நர்ஸ்.

மூன்றாவது வாரம் அவளே கூப்பிட்டாள்:
"ஒருத்தர் தகராறு பண்றார், வந்துட்டுப் போங்க."

லீ பஜார் மிளகாய் மண்டி அங்கமுத்து.
செவ்வாய் நாலாம் கட்டில், வெள்ளி ஆறாம் கட்டில்.
ஊசி ஏறிய கையை அசைக்காமல்
கண்ணால் காட்டினார்.
"நாலுல குருவி கம்பியில உக்காந்திருக்கு.
ஆறுல பனிக்குள்ள பாதி போயிருச்சு.
எதும்மா சரி?"

கையால் தேய்ப்பது, அழுத்தம் ஒன்றுபோல் விழாது,
இரண்டும் சரிதான் என்றேன்.
மண்டியில் இந்த விளக்கம் எடுபடாது என்பது
முகத்திலேயே தெரிந்தது.
இயந்திரம் அவர் ரத்தத்தைச்
சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது.

"இங்க எட்டு. ஒம்போதுனு போட்டிருக்கே,
மிச்சம் ஒண்ணு எங்க?"
மலையில், வரைந்தவளிடம்.
"அதுல குருவி இருக்கா?"

நான் பார்க்கவில்லை.
விலை பார்த்தேன், தாளின் எடை பார்த்தேன்,
எட்டையும் எண்ணிக் கட்டினேன்.
ஒன்பதாவதைத் திருப்பிப் பார்க்கவில்லை.
"வெள்ளிக்கிழமைக்குள்ள கேட்டுச் சொல்லுங்க" என்று
கண்ணை மூடிக்கொண்டார்.

இரவு நவமணியை அழைத்தேன்.
"இருங்க, பாத்துட்டு வரேன்."
போனை மேஜையில் வைக்கும் சத்தம்,
செருப்புச் சத்தம்,
தகரக் கூரையில் மழை.
கரண்ட் இல்லை போல,
தீப்பெட்டியைத் தேடுகிறாள்.